டோட்டல் லாஸ் என்று யார் சொல்வது?

31 வருடம் பொது இன்சூரன்ஸில் குப்பை கொட்டியவன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்கிறேன். ‘டோட்டல் லாஸ்’ என்பது வண்டியைப் பற்றிய வார்த்தை இல்லை. கணக்கைப் பற்றிய வார்த்தை. நம் ஊர்க்காரர்கள் அதைக் கேட்டதும் டாக்டர் கையை விரித்துவிட்ட மாதிரி நினைத்துக்கொண்டு, வண்டியைப் பழைய இரும்புக்கடையில் எடைக்குப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்படி அவசரப்பட வேண்டியதில்லை என்பது என் கட்சி.

கணக்கு இதுதான். பாலிசியில் வண்டிக்கு ஒரு மதிப்பு போட்டிருப்பார்கள், ஐ.டி.வி. என்று. புது வண்டி வாங்கிய 6 மாதத்துக்குள் அதில் 5 சதவீதம் கழியும். அப்புறம் படிப்படியாகக் கழிந்து, 5ஆவது வருடம் முடிவதற்குள் பாதியாகிவிடும். அதற்குப் பிறகு கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதான். விபத்தில் அடிபட்டால் ரிப்பேர் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டுகிறதா என்று பார்ப்பார்கள். தாண்டினால் டோட்டல் லாஸ், அவ்வளவுதான். ஆகவே புது வண்டிக்குச் சாதாரண ரிப்பேராக இருக்கும் ஒரு அடி, பழைய வண்டிக்கு மரணமாகிவிடும். ஒரே ஃபோர்க், ஒரே ரிம், ஒரே ஹெட்லைட்தான். வயதுதான் வித்தியாசம். (பென்ஷன் வாங்கும் நமக்கும் ஆஸ்பத்திரியில் இதே கணக்குதான் போடுகிறார்கள் என்று ஒரு நண்பர் சொல்வார். அது வேறு கதை.)

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், எங்கள் தெருவில் ஒரு 1986 மாடல் புல்லட் இந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். மகன் அதை ஓட்டிக்கொண்டிருந்தான். மதுரை – அருப்புக்கோட்டை நான்கு வழிச்சாலையில் ஒரு மினி லாரி குறுக்கே திரும்பியதில் முன்பக்கம் போய்விட்டது. பையனுக்குக் கால் எலும்பு முறிவு. நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருந்தான். பாலிசியில் வண்டி மதிப்பு 30,000. ரிப்பேர் எஸ்டிமேட் 41,000. முடிந்தது கதை.

பையன் வண்டியை விட மாட்டேன் என்கிறான். திரும்பக் கட்டுவேன், அதுவும் அப்பா நினைவாக மாற்றிக் கட்டுவேன் என்கிறான். மிலிட்டரிப் பச்சை அடிக்க வேண்டும், டாங்கில் ரெஜிமெண்ட் சின்னம் வரைய வேண்டும், நீள ஹேண்டில்பார், சத்தமான சைலன்சர் எல்லாம் வேண்டும் என்று செல்போனில் படம் படமாகக் காட்டினான். அவன் அம்மாவோ வேறு மாதிரி. “அண்ணே, அவரு வண்டிய அவரு ஓட்டுனாரு, நான் ஒண்ணும் சொல்லல. இவன ஆஸ்பத்திரில பார்த்ததுக்கப்புறம் அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு வயித்தக் கலக்குது. எடைக்குப் போடச் சொல்லுங்க” என்றார். இரண்டு பேரும் என்னிடம்தான் வந்தார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பழைய வண்டியைப் பிரித்துக் கட்டுவது நமக்குப் புதிதா என்ன? சென்னையில் மீன்பாடி வண்டி என்று ஒன்று ஓடுகிறதே, அதில் இருக்கும் என்ஜின் எல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஆபீஸ் போன மோட்டார் சைக்கிளினுடையதுதான். சட்டப்படி அது தவறு, போலீஸ் அவ்வப்போது பிடித்துப்போடும், மறுபடி ஓடும். புல்லட்டே ஒரு விதத்தில் அப்படிப் பிழைத்த வண்டிதான். 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவை ஆரம்பித்து, திருவொற்றியூரில் புல்லட்டைக் கட்டினார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970இல் மூடப்பட்டுவிட்டது. திருவொற்றியூர் நிற்கவில்லை. பெற்றவர்கள் கைவிட்ட பிள்ளையை நம் மெட்ராஸ்தான் வளர்த்தது. அதனால்தான் 1986 வண்டிக்கு இன்றைக்கும் சாமான் கிடைக்கிறது. மதுரையில் பழைய புல்லட் தெரிந்த மெக்கானிக்கிடம் போனால் பாயிண்ட், கிளட்ச் பிளேட், ஃபோர்க் குழாய் எது வேண்டுமானாலும் இரண்டு நாளில் வரவழைத்துத் தருவார். வலது காலில் கியர் போடும் பழைய வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

ஆகவே கட்ட முடியுமா என்றால் முடியும். கட்டலாமா என்பதற்கு மூன்று இடத்தில் பதில் கேட்க வேண்டும்.

முதலில் ஆர்.சி. புத்தகம். இன்சூரன்ஸ் பணம் வாங்கும்போது, ஆர்.சி.யை ரத்து செய்து கொடுத்துவிட்டுப் பெரிய தொகை வாங்குகிறோமா, அல்லது உடைந்த வண்டியின் விலையைக் கழித்துக்கொண்டு வண்டியையும் ஆர்.சி.யையும் நாமே வைத்துக்கொள்கிறோமா என்பதைக் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ரத்து ஆனால் அந்த வண்டி இனி ரோட்டுக்கு வராது. அப்புறம் வேறு வண்டியின் ஆர்.சி.யை வாங்கி நம்பர் குத்திக் கொடுக்கிறேன் என்று ஒருவன் வருவான். நான் சர்வீஸில் இருந்தபோது இந்த மாதிரி ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உடைந்த வண்டியை அவன் வாங்குவதே அந்த ஆர்.சி.க்காகத்தான், திருட்டு வண்டிக்கு அந்த நம்பரைப் போடுவதற்கு. அவன் நிழலே நம் வீட்டுப் பக்கம் வரக்கூடாது. பையனிடம் சொல்லி, ஆர்.சி.யை வைத்துக்கொள்ளும் வழியிலேயே செட்டில் செய்தோம். தொகை கொஞ்சம் குறைவுதான். 15 வருடம் தாண்டிய வண்டிக்கு 5 வருடத்துக்கு ஒரு முறை எஃப்.சி. காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே. ஹவில்தார் இருந்தவரை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை. எல்லா ரசீதும் ஒரு மஞ்சள் பையில் இருந்தது.

இரண்டாவது சேஸிஸ். இதில் மட்டும் நான் கறார். ஃபோர்க் வளைந்தால் மாற்றலாம், ரிம் போனால் மாற்றலாம், டாங்க் நசுங்கினால் டிங்கரிங் செய்து பட்டி போட்டு எடுக்கலாம். ஹேண்டில் உட்காரும் கழுத்துப் பகுதியில் சேஸிஸ் வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அதைச் சூடு போட்டு அடித்து நிமிர்த்திக் கேஸ் வெல்டிங் வைப்பவனை நம்பக் கூடாது. பெயிண்ட் அடித்துவிட்டால் வெளியே ஒன்றும் தெரியாது. எங்கேயோ 60 கிலோமீட்டர் வேகத்தில் குழியில் இறங்கும்போதுதான் தெரியும். அப்படி இருந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். எவ்வளவு பாசம் இருந்தாலும் சரி. டாங்கையும் டூல்பாக்ஸையும் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் குறையாது.

மூன்றாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு, கம்பெனி கட்டிக் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்துவிட்டது. அதே 2019இல் வந்த திருத்தப்படி, சட்டம் அனுமதிக்காத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை ஜெயிலும் உண்டு. நீள ஹேண்டில்பார், சத்தமான சைலன்சர் எல்லாம் இதில் அடிபட்டுப்போய்விடும். கலர் மாற்றலாம், ஆனால் ஆர்.சி.யில் பதிய வேண்டும். இந்தச் சட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. பழைய புல்லட்டுக்கு டிரம் பிரேக். அதற்கு டிஸ்க் பிரேக் வைத்தால் பாதுகாப்புதானே கூடும்? அதையும் சைலன்சரைப் பிடுங்குபவனையும் ஒரே தராசில் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருந்தாலும் சட்டம் சட்டம்தான்.

பையனுக்குப் பெரிய அடி இங்கே அல்ல, மிலிட்டரிப் பச்சையில்தான். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121ஆவது விதி என்று ஒன்று இருக்கிறது. ராணுவ வண்டிகள் தவிர வேறு எந்த வண்டிக்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது. அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ராயல் என்ஃபீல்டு கம்பெனியே 2018இல் பெகாசஸ் என்று ஒரு வண்டி விட்டது. இரண்டாம் உலகப் போரில் பாராசூட் படையினர் கொண்டுபோன குட்டி மோட்டார் சைக்கிளின் நினைவாகச் செய்தது, உலகம் முழுக்க 1,000 வண்டிதான். வெளிநாட்டில் பச்சையிலும் விற்றார்கள். இந்தியாவுக்கு 250 வண்டி, பழுப்பு நிறம் மட்டும். பச்சை இங்கே ராணுவத்துக்கு மட்டும் என்பதுதான் காரணம். கம்பெனிக்கே கிடைக்காதது உனக்குக் கிடைக்குமா என்றேன். “அப்பா மிலிட்டரிதானே மாமா?” என்றான். அப்பா மிலிட்டரி, வண்டி மிலிட்டரி இல்லை. அவர் அதைத் தன் சம்பளத்தில் லீவுக்கு வந்தபோது வாங்கினார். கறுப்பு வண்டியாகத்தான் வாங்கினார்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. நினைவாக ஒரு பொருளைச் செய்யும்போது நம் பிள்ளைகள் அதைக் கத்த வைக்கிறார்கள். விக்ராந்த் கப்பல் ஞாபகம் இருக்கிறதா? 1971 யுத்தத்தில் வங்காள விரிகுடாவில் நின்ற கப்பல். 1997இல் ஓய்வு கொடுத்து, 2014இல் உடைக்க விற்றார்கள். அந்த இரும்பை வாங்கித்தான் பஜாஜ் கம்பெனி 2016இல் வி15 என்று ஒரு மோட்டார் சைக்கிள் விட்டது. பெட்ரோல் டாங்கில் அந்த உலோகம் கலந்திருக்கிறது என்றார்கள். பார்ப்பதற்கு மற்ற வண்டிகளைப் போல ஒரு வண்டிதான், கப்பல் மாதிரி மூக்கு வைக்கவில்லை, பீரங்கி வைக்கவில்லை. வாங்கியவனுக்குத் தெரியும் உள்ளே என்ன இருக்கிறது என்று. அது போதாதா?

ராஜஸ்தானில் பாலி ஜோத்பூர் சாலையில் ஒரு புல்லட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுகிறார்கள். 1988இல் விபத்தில் இறந்த ஓம் பன்னா என்பவருடைய வண்டி. நடுகல் வைத்துக் கும்பிட்ட ஊர்க்காரர்கள் நாம், நமக்கு அதில் ஆச்சரியம் இல்லை. பையனின் அம்மாவுக்கும் ஒருவேளை அது பிடிக்கும், வண்டி நகராதே. ஆனால் ஹவில்தார் தினமும் காலையில் அதைத் துடைத்து, மல்லாங்கிணறு வரை போய்விட்டு வந்தால்தான் காபி குடிப்பார். அப்படிப்பட்ட வண்டியை நிறுத்தி வைத்தால் டாங்கில் துருதான் பிடிக்கும்.

அம்மாவை ஒர்க்‌ஷாப்புக்கே கூட்டிக்கொண்டு போகச் சொன்னேன். நானும் போனேன். என்ஜினை இறக்கி, வண்டியை வெறும் எலும்பாக நிறுத்தியிருந்தார் மெக்கானிக். முன்னும் பின்னும் நூல் பிடித்துக் காட்டினார். சேஸிஸ் நேராக இருந்தது. கழுத்தில் பெயிண்டைச் சுரண்டிவிட்டு விரிசல் இல்லை என்று டார்ச் அடித்துக் காட்டினார். ஃபோர்க்கும் ரிம்மும்தான் போயிருந்தன. அந்தம்மா எல்லாவற்றையும் பேசாமல் பார்த்தார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார்: “பிரேக்கு பிடிக்குமா தம்பி?” மெக்கானிக் நல்ல மனுஷன், பொய் சொல்லவில்லை. “பிடிக்கும்மா. ஆனா இன்னைக்கு வர்ற வண்டி மாதிரி பிடிக்காது. மெதுவாத்தான் ஓட்டணும்” என்றார். நான்கு வழிச்சாலையில் இந்த வண்டி ஏறக் கூடாது என்று அங்கேயே மகனிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மனசு முழுக்கச் சம்மதித்தாரா என்றால் இல்லை. வேண்டாம் என்று சொல்வதை நிறுத்தியிருக்கிறார், அவ்வளவுதான். அந்தச் சத்தம் அவருக்கு என்ன செய்யும் என்பது வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும். தாங்கவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று பையனிடம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பச்சை போய்விட்டதே, அப்பாவுக்கு என்ன அடையாளம் என்று அவன் மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு வழி வீட்டிலேயே கட்டிலுக்கடியில் இருந்தது. ராணுவத்திலிருந்து வருகிறவர்கள் கொண்டுவரும் கறுப்பு இரும்புப் பெட்டி உங்களுக்குத் தெரியும். மேலே வெள்ளைப் பெயிண்டில் நம்பர், ரேங்க், பேர், ஊர், ரயில்வே ஸ்டேஷன் எழுதியிருக்கும். ஹவில்தாரின் பெட்டியிலும் இருக்கிறது. வண்டி பழையபடி கறுப்பாகவே இருக்கட்டும். வலது பக்க டூல்பாக்ஸ் மூடியில் மட்டும் அந்தப் பெட்டியில் இருக்கிற அதே எழுத்தை, அதே கோணலோடு, சின்னதாக எழுதச் சொல்லியிருக்கிறேன். ஸ்டிக்கர் வேண்டாம். அருப்புக்கோட்டையில் பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் ஒருவர் இருக்கிறார், ஃப்ளெக்ஸ் வந்தபிறகு வேலை இல்லாமல் இருப்பவர். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுபோய்க் காட்டினோம். 600 ரூபாய் கேட்டார். ஊர் பேரில் ‘ட’வுக்கு ஒற்று விட்டுப்போயிருக்கிறது, திருத்தி எழுதவா என்றார். வேண்டாம், இருக்கிறபடியே எழுதுங்கள் என்று அந்தம்மாதான் சொன்னார்.