நட்டவரும் காப்பவரும்

நட்ட கன்றுகளை எண்ணுவது எளிது. பிழைத்த மரங்களை எண்ணிப் பார்ப்போர் சிலரே. நகரங்களை ஒட்டியுள்ள நிறுவனங்களின் பணியாளர்கள் பலர் இன்று விடுமுறை நாள்களில் மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்தி மரம் நடப் புறப்படுகின்றனர். இது போற்றத்தக்க முயற்சியே. எனினும், அவர்தம் உழைப்பு காடாக நிலைபெற வேண்டுமாயின், அது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும் பங்குகொள்ளும் பணியாக மாற வேண்டும்.

பணம் இங்குப் பெருந்தடையன்று. குறிப்பிட்ட அளவுக்கு மேல் பொருளீட்டும் நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம் கூறுகிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அப்பணிகளுள் அடங்கும். பணத்தால் கன்றுகளை வாங்கிவிடலாம். முதல் இரண்டு மூன்று கோடைகளில் அவற்றுக்கு நீர் ஊற்றும் கைகளுக்கு எங்கே போவது?

சோழமண்டலக் கடற்கரையின் உலர் பசுமைமாறாக் காட்டை எடுத்துக்கொள்வோம். வீரை, உலக்கைப்பாலை, காயா, காட்டெலுமிச்சை முதலிய மரங்கள் அதில் செழித்திருந்தன. இன்று அக்காட்டின் எச்சங்கள், புதுச்சேரிக்கு அருகிலுள்ள புத்துப்பட்டு ஐயனார் கோயில்காடு போன்ற சில இடங்களிலேயே காணப்படுகின்றன. காட்டை மீட்க விதை வேண்டும். எம்மரம் எத்திங்களில் கனியும் என்பதை நன்கறிந்தவர் அவ்வூர் முதியோரே. அவர்களைக் கேளாமல் நடப்படும் கன்றுகள் தோப்பாகலாம், காடாவது அரிது.

சீமைக்கருவேலத்தை அகற்றுவதும் ஒருநாள் வேலையன்று. வெட்டிய அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். நெற்றுகளைத் தின்னும் கால்நடைகளின் சாணத்தின் வழியே விதைகள் பரவும். ஆதலால் ஆடு மேய்ப்போரும் விறகு பொறுக்குவோரும் தொடக்கத்திலேயே கலந்து பேசப்பட வேண்டியவர்கள். அவர்தம் பிழைப்புக்கு வழிசொல்லாமல் வேலி மட்டும் இட்டால், அவ்வேலி நெடுநாள் நிற்காது.

குழந்தைகளையும் முதியோரையும் சேர்த்துக்கொண்டால் வேலை தாமதமாகும் என்பர் சிலர். தாமதமாகும் என்பது உண்மையே. ஆனால், விதை பிரித்தல், நாற்றுப் பைகளில் மண் நிரப்புதல், கன்றின் அடியில் சருகு பரப்புதல் ஆகியன அவர்கள் கைகளுக்கும் இயல்பவை. பணியாளர் நாளை வேற்றூருக்கு மாற்றலாகிச் செல்லக்கூடும்; பக்கத்து வீட்டுக்காரர் அங்கேயே இருப்பார். தன் கையால் நீர் ஊற்றிய சிறுமி அக்கன்றைத் தன் உயரத்தோடு ஒப்பிட்டுக்கொண்டே வளர்வாள்.

இதற்குச் சான்று தொலைவில் இல்லை. 1968இல் ஆரோவில் தொடங்கப்பட்டபோது, அம்மேட்டுநிலம் மழைநீரால் அரிக்கப்பட்ட செம்மண் வெளியாகக் கிடந்தது. அங்குக் குடியேறியோர் வரப்புகள் அமைத்து மழைநீரைத் தேக்கினர். பல்லாண்டுகள் கன்றுகளைக் காத்தனர். இன்று அங்கே காடு நிற்கிறது. நட்டவர்கள் அங்கேயே வாழ்ந்தமைதான் அதற்கு அடிப்படை.

ஆகவே, மரநடு விழா நடத்தும் நிறுவனங்கள், எத்தனை கன்றுகள் நடப்பட்டன என்பதோடு நின்றுவிடாமல், மூன்றாம் கோடையில் அவற்றுக்கு நீர் ஊற்றுவோர் யார் என்பதையும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும். அவ்வினாவுக்கு விடையாக ஓர் ஊரே முன்வரும் இடத்தில்தான் காடு மீளும்.