திருப்பி அழைக்க முடியாத விருந்து



கொஞ்ச நாட்களுக்கு முன் ஆசிரியர் அறையில் நடந்தது. யார், எவர் என்பது வேண்டாம்; எந்தப் பாடசாலையிலும் நடக்கக்கூடியதுதான். வீடு கட்டிக் குடிபுகுந்த ஓர் இளம் ஆசிரியரைச் சுற்றி நின்று நாம் எல்லோரும் கேட்டோம்: "எப்ப ஸேர் பார்ட்டி?" அவரும் சிரித்துக்கொண்டே "வைப்பம், வைப்பம்" என்றார். இடைவேளை முடிந்து எல்லோரும் வகுப்புக்குப் போன பிறகு, சீட்டுப் பிடிக்கும் டீச்சரிடம் போய், தன்னுடைய முறையை இந்த மாதத்துக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

வீட்டுக்குக் கதவு போட்ட கடனே அவருக்கு இன்னும் முடியவில்லை. அதற்குள் நம்முடைய வயிற்றுக்காகவும் ஒரு கடன்.

கேட்டவர்களில் நாங்களும் இருந்தோம். அதனால் இது யாருக்கும் செய்யும் உபதேசம் அல்ல. எங்கள் வீட்டில் இருவருமே ஆசிரியர்கள். இத்தனை வருடத்தில் சக ஆசிரியர்களுக்கு எத்தனையோ விருந்து வைத்திருக்கிறோம், எத்தனையோ விருந்துக்குப் போயிருக்கிறோம். அந்த அனுபவத்தில் நம் சமூகத்தோடு மனம் விட்டுப் பேச ஒரு விசயம் இருக்கிறது.

நாங்கள் சேவையில் சேர்ந்த காலத்தில் ஒரு ஆசிரியர் வீட்டு விருந்து என்றால், பாடசாலை விட்ட கையோடு நாலைந்து பேர் சைக்கிளில் போவோம். இடியப்பமும் இறைச்சிக் கறியும் இருக்கும். சில வீட்டில் தேத்தண்ணியும் பணியாரமும் மட்டும்தான். அசர் தொழுதுவிட்டு வீடு திரும்பிவிடுவோம்.

இப்போது அப்படியா? தரம் உயர்ந்தால் பார்ட்டி. நிலுவைச் சம்பளம் வந்தால் பார்ட்டி. பிள்ளை புலமைப்பரிசிலில் சித்தியடைந்தால் பார்ட்டி. உம்றா போய் வந்தால் பார்ட்டி. சந்தோசத்தைப் பகிர்வதில் பிழையில்லை. ஆனால் வாசலில் கூடாரம், வாடகைக் கதிரை, ஆள் பிடித்துச் சமையல், ஆறு பேருக்கு ஒரு சஹன் என்று கணக்கு. ஆசிரியர்கள் 42 பேர் என்றால் 7 சஹன். குடும்பத்தோடு வந்தால் அது எங்கேயோ போய் நிற்கும். வட்டிலப்பம் போதாது என்று ஐஸ்கிரீமும். அன்றிரவே படங்கள் முகநூலில். அடுத்த முறை விருந்து வைப்பவர் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் தன் பட்டியலைப் போடுகிறார்.

"விருந்தாளியைக் கண்ணியப்படுத்துவது ஈமானோடு சேர்ந்தது. அதில் போய்க் கணக்குப் பார்க்கலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம். அந்த நினைப்பை மாற்றியவர் எங்களோடு கற்பித்த ஒரு தமிழ் டீச்சர். அவருடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

எங்கள் வீட்டு விருந்துகளுக்கு முதல் இரண்டு வருடமும் அவர் தவறாமல் வந்தார். பெருநாள் சாப்பாட்டுக்கும் வந்தார். பிறகு வருவதை நிறுத்திவிட்டார். ஒரு முறை காய்ச்சல், ஒரு முறை கோயில், ஒரு முறை ஊரில் வேலை. ஏதோ மனக்கசப்பு என்றே நினைத்தோம். நம் பக்கத்தில் சிலர் அதற்கு இனச்சாயமும் பூசினார்கள். கடைசியில் ஒருநாள் நேரடியாகவே கேட்டோம். அவர் சொன்ன பதில் இதுதான்:

"உங்கட வீட்டில சாப்பிட்டுச் சாப்பிட்டு வெட்கமாப் போச்சு டீச்சர். இந்த மாதிரி நான் எப்ப உங்களுக்குத் திருப்பிச் செய்யிறது?"

அன்றிரவு எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. கண்ணியப்படுத்துகிறோம் என்று நினைத்து ஒரு மனிதரைக் கடன்காரியாக்கி வைத்திருந்திருக்கிறோம். தட்டில் இறைச்சித் துண்டு கூடக் கூட, அவர் எங்களை விட்டுத் தூரமாகிக்கொண்டிருந்திருக்கிறார்.

அடுத்த கிழமையே "உங்கள் வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வருகிறோம்" என்று சொல்லிப் போனோம். பிட்டும் மீன் கறியும் சம்பலும் வைத்தார். பரிமாறும்போதே சொன்னார், "சட்டி புதுசு. இதில வேற ஒண்டும் சமைக்கல்ல." சட்டியின் பக்கத்தில் கடையில் ஒட்டிய விலைத் துண்டுகூட முழுதாகக் கழுவுப்படாமல் இருந்தது. நமக்கு எது ஆகும், எது ஆகாது என்று யோசித்து, கேட்காமலே ஒரு புதுச் சட்டி வாங்கியிருக்கிறார். நம்முடைய 7 சஹனில் அந்தளவு யோசனை இருந்ததா என்று கேட்டால், இல்லை. ஒரு வெள்ளிக்கிழமையில் அவரைக் கூப்பிட்டு, முன்னால் கோழிப் பொரியலை வைத்தவர்கள் நாங்கள். வெள்ளி அவருக்கு மரக்கறி நாள் என்று கேட்டறியக்கூட இல்லை.

ஆகவே எங்கள் கருத்து இதுதான்: வந்தவர் நம்மைத் திருப்பி அழைக்க முடிகிற அளவுக்குத்தான் நம் விருந்து இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் அது உறவை வளர்க்காது, வசதியைத்தான் காட்டும்.

மார்க்கமும் இதற்கு எதிராக இல்லை. இப்ராஹீம் நபி (அலை) அவர்கள் முன்பின் அறியாத விருந்தாளிகளுக்குக் கன்றுக்குட்டியையே சமைத்து வைத்தார்கள். ஆனால் தம் வீட்டாரிடம் போய் அதைக் கொண்டு வந்ததாகவே குர்ஆன் சொல்கிறது. இருந்ததைக் கொடுத்தார்கள், நன்றாகக் கொடுத்தார்கள். இல்லாததற்குக் கடன் படும்படி மார்க்கம் நம்மைக் கேட்கவில்லை. அதேபோல, மிக எளிய உணவுக்கு அழைத்தாலும் போவேன் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதும் நமக்குத் தெரியும். விருந்து வைப்பதைப் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். எளிய வீட்டு அழைப்பை ஏற்பதைப் பற்றிப் பேசுவது குறைவு.

உண்மையைச் சொல்வோம். சகோதர இன ஆசிரியர்கள் நம் பெருநாளுக்கு வருகிறார்கள். அவர்களுடைய வீடுகளுக்கு நம்மில் எத்தனை பேர் போகிறோம்? ஹலால் பேணுதல் கட்டாயம்; அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அதையே சாட்டாக வைத்து வாசற்படியே மிதிக்காமல் இருப்பது பேணுதல் ஆகாது. மீன் இருக்கிறது, மரக்கறி இருக்கிறது, பழம் இருக்கிறது, வெறுந்தேத்தண்ணி இருக்கிறது. கோழிதான் சமைப்போம் என்று அவர்கள் ஆசைப்பட்டால், நம் கடையில் நாமே வாங்கிக் கொடுக்கலாம். வணக்க வழிபாட்டில் கலந்துகொள்ளாமலே வீட்டில் போய் நலம் விசாரித்து வரலாம்.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த மாதங்களை நாம் மறக்கவில்லை. பத்து வருடம் ஒரே மேசையில் இருந்து சோற்றுப் பார்சலைப் பிரித்தவர்கள் முகம் பார்த்துப் பேசத் தயங்கினார்கள். எத்தனையோ அறிக்கைகள் வந்தன, கூட்டங்கள் நடந்தன. எங்கள் ஆசிரியர் அறையில் அந்த இறுக்கத்தைத் தளர்த்தியது ஒரு சின்ன விசயம். மூத்த ஆசிரியை ஒருவர் ஒருநாள் சும்மா சொன்னார்: "உங்கட வீட்டுக் கறி சாப்பிட்டுக் கனகாலம்." அந்த ஞாயிறு நாலு பேர் வந்தார்கள். சோறு, பருப்பு, ஒரு கறி. அவ்வளவுதான். முன்பு ஒருவர் வீட்டில் ஒருவர் சாப்பிட்டிருந்ததால்தான் அப்படிக் கேட்க அவருக்கு வாய் வந்தது.

2022இலும் பார்த்தோம். கேஸ் இல்லை, பால்மா இல்லை, பெற்றோல் இல்லாமல் பாடசாலையே மூடிக் கிடந்த நாட்களும் உண்டு. விறகு அடுப்பில் காய்ச்சிய கஞ்சியைக் குடிக்கப் பக்கத்துத் தெரு ஆசிரியர்கள் வந்தார்கள். கையில் மரவள்ளிக் கிழங்கு கொண்டு வந்தார்கள். அந்த வருடம் யாருக்கும் யார் முன்னாலும் வெட்கம் இருக்கவில்லை. எல்லோருடைய அடுப்பும் ஒன்றாகவே இருந்தது.

சக ஆசிரியர்களை வீட்டுக்கு அழைக்க நினைப்பவர்களுக்கு, நாங்கள் இப்போது வீட்டில் கடைப்பிடிக்கும் சில விசயங்கள்:

1. எல்லோரையும் ஒரே நாளில் அழைப்பதில்லை. ஆறேழு பேராக அழைக்கிறோம். ஒரு சஹனில் அடங்கும் கூட்டம்தான் ஒருவரோடு ஒருவர் பேசும். ஆனால் வருடம் முடிவதற்குள் ஒருவரும் விடுபடக் கூடாது. முக்கியமாகக் காவலாளியும் சிற்றூழியரும். அதிபருக்குச் சொல்லிவிட்டு, தினமும் நமக்குக் கேற் திறந்துவிடுபவருக்குச் சொல்லாமல் விடுவது நல்லதல்ல.

2. நாள் குறிக்கும் முன் கேட்கிறோம். இந்துக்களின் வெள்ளி, கந்தசஷ்டி விரதம், கத்தோலிக்கரின் தவக்காலம், பௌத்தர்களின் போயா எல்லாம் கலண்டரிலேயே இருக்கின்றன. மரக்கறியைத் தனிச் சட்டியில், தனி அகப்பையில் வைக்கிறோம். யார் வந்தாலும் மாட்டிறைச்சி தனியாகத்தான்.

3. குசினியைப் பார்க்கிறோம். வெள்ளி வரை கற்பித்த ஒரு டீச்சர், சனிக்கிழமை நாற்பது பேருக்குச் சமைத்து, ஞாயிறு பாத்திரம் கழுவி, திங்கள் காலைக் கூட்டத்துக்கு வந்து நிற்பது விருந்தோம்பல் அல்ல, வேலைச் சுமை. கணவன்மார் வெங்காயம் உரித்தால் கண்ணியம் குறையாது.

4. அன்பளிப்புக்காக ஆளுக்கு இவ்வளவு என்று பட்டியல் ஓட விடுவதில்லை. கைவீசி வந்தால் போதும் என்று முன்கூட்டியே சொல்கிறோம்.

5. சாப்பாட்டைப் படம் எடுத்துப் போடுவதில்லை.

அந்த இளம் ஆசிரியரின் கதைக்கு வருவோம். நாங்கள் இருவரும் போய் அவரிடம் சொன்னோம்: "தம்பி, உங்கட புது வீட்டைப் பார்க்க வாறோம். பிளேன்டீயும் பிஸ்கட்டும் போதும். சீட்டுக் காசைக் கதவுக்காரனுக்குக் குடுங்க." அவர் முகத்தில் வந்த ஆறுதலைப் பார்த்தபோது, "எப்ப பார்ட்டி?" என்ற கேள்வி அவரை எவ்வளவு அழுத்தியிருக்கிறது என்று விளங்கியது.

போன ஞாயிறு அஞ்சு பேர் போனோம். அவருடைய உம்மா சுட்ட றொட்டியும் கட்டைச் சம்பலும் வைத்தார்கள். புதுக் கதவை ஒருவர் மாறி ஒருவர் திறந்து பார்த்தோம். அந்தத் தமிழ் டீச்சரும் வந்திருந்தார். புறப்படும்போது அவர் சொன்னது: "அடுத்த மாசம் எல்லாரும் எங்கட வீட்டுக்கு வாங்க."

அடுத்த முறை ஆசிரியர் அறையில் யாராவது நல்ல செய்தி சொன்னால், முதலில் துஆச் செய்வோம். பார்ட்டி எப்போது என்று கேட்கும் முன், நாம் அவர் வீட்டுக்குப் போய் எத்தனை நாள் என்று யோசிப்போம்.

அல்லாஹ் நம் வீடுகளிலும் நம் சக ஆசிரியர்களின் வீடுகளிலும் பரக்கத்தைத் தருவானாக.

வஸ்ஸலாம்.