காதைக் குறை சொல்லும் முன்

நம் வயதுக்காரர்கள் வீட்டில் கம்ப்யூட்டரில் சத்தம் குறைந்தால், முதலில் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது காதுதான். "உங்களுக்குத்தான் காது மந்தமாயிடுச்சு" என்று வீட்டில் சொல்வார்கள். நாமும் ஒத்துக்கொண்டுவிடுவோம். எழுபதைத் தாண்டியவனுக்கு எதிராகத் தனியாகச் சாட்சி எதற்கு?

முதலில் இயந்திரத்தை விசாரிக்க வேண்டும், காதை அப்புறம் பார்க்கலாம் என்பது என் கட்சி.

எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'ஆந்தாந்த்ர்' என்பதையும் 'எகூத்தே' என்பதையும் குழப்பினால் காதைத் திருகுவார். சத்தம் காதில் விழுவது முதலாவது. காது கொடுத்துக் கேட்பது இரண்டாவது. தமிழில் இரண்டுக்கும் 'கேட்பது' என்றே சொல்லி நாம் சமாளித்துவிடுகிறோம். இந்த விஷயத்தில் மட்டும் வாத்தியார் கட்சிக்குப் போக வேண்டும். "சத்தமே வரவில்லை" என்பது ஒரு புகார், "சத்தம் வருகிறது, சொல் புரியவில்லை" என்பது வேறு புகார். வயதாகும்போது காது இழப்பது முதலில் கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைத்தான். பேரக்குழந்தையின் குரலும் 'ஸ', 'ச' போன்ற எழுத்துகளும் நழுவும். டிவியிலும், எதிரில் உட்கார்ந்து பேசுபவரிடமும் இதே தொல்லை என்றால் காது டாக்டரிடம் போக வேண்டியதுதான், அதில் வெட்கம் இல்லை. கம்ப்யூட்டரில் மட்டும் என்றால் காதின் மேல் பழி போடாதீர்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சொல்தா இருக்கிறார். மகள் பாரீஸ் பக்கம். ஞாயிறுதோறும் சாயங்காலம் கம்ப்யூட்டரில் பேச்சு. லீவில் வந்த மகள், அப்பாவுக்குக் கண் சிரமம் வேண்டாம் என்று பெரிய மானிட்டர் வாங்கி வைத்துவிட்டுப் போனாள். அதோடு சத்தம் நின்றது. பழுது பார்க்க வந்த பையன் "போர்டு போயிருக்கும், எதுக்கும் ஃபார்மேட் பண்ணிப் பார்க்கலாம்" என்றான். பண்ணினான். பேரப்பிள்ளைகளின் படங்கள் போயின, சத்தம் மட்டும் வரவில்லை. மூன்று ஞாயிறு மகளின் வாய் அசைவதைப் பார்த்தார். நாலாவது ஞாயிறு "நீயே பேசு" என்று நாற்காலியை மனைவிக்கு விட்டுவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஸ்பீக்கர் பழுது என்பது சின்ன விஷயம். ஒரு மனிதர் பேச்சிலிருந்தே எழுந்து போவது சின்ன விஷயமில்லை.

கோளாறு இதுதான். எச்டிஎம்ஐ கேபிள் படத்தையும் சத்தத்தையும் சேர்த்தே கொண்டுபோகும். புது மானிட்டரை மாட்டியதும் விண்டோஸ் அதையும் சத்தம் தரும் கருவியாக எடுத்துக்கொண்டு, சத்தத்தை அங்கே திருப்பிவிட்டது. அந்த மானிட்டருக்குள் ஸ்பீக்கரே கிடையாது. திரையின் வலது கீழ்மூலையில் உள்ள ஸ்பீக்கர் படத்தை அமுக்கி, அதன் பக்கத்திலுள்ள சின்ன அம்புக்குறியைத் தொட்டால் பட்டியல் வரும். மானிட்டர் பெயரை விட்டு 'ஸ்பீக்கர்ஸ்' என்றிருப்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது.

அலுவலகத்தில் ஒரு ஃபைல் வராவிட்டால் நாம் என்ன செய்வோம்? எந்த மேசையில் நிற்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம். சத்தமும் அப்படி மேசை மேசையாக நகர்வதுதான்: பாட்டு ஓடும் புரோகிராம், விண்டோஸ், போர்டிலுள்ள சவுண்ட் சிப், வயர், ஸ்பீக்கர். கடைசி மேசையிலிருந்து ஆரம்பிப்பது சுலபம், ஏனென்றால் அது கைக்கு எட்டும்.

ஸ்பீக்கரில் விளக்கு எரிகிறதா, குமிழ் திருகியிருக்கிறதா என்று பாருங்கள். இப்போது விற்கும் சின்ன ஸ்பீக்கர்கள் பலவற்றில் இரண்டு வயர் வருகிறது. யுஎஸ்பி வயர் கரண்டுக்கு மட்டும். சத்தம் வருவது மெல்லிய உருண்டை முனை உள்ள மற்ற வயரில். விளக்கு எரிகிறதே என்று இதைச் செருகாமல் விட்டவர்கள் உண்டு. கம்ப்யூட்டர் பின்பக்கத்தில் மூன்று துளைகள் இருந்தால் ஸ்பீக்கருக்குப் பச்சை, மைக்குக்கு இளஞ்சிவப்பு. முன்பக்கத் துளையில் யாராவது இயர்போனைச் செருகி விட்டுப் போயிருந்தால் பல கம்ப்யூட்டர்களில் பின்பக்க ஸ்பீக்கர் அடங்கிவிடும்.

அடுத்தது இயர்போன் சோதனை. செல்போனின் இயர்போனைப் பச்சைத் துளையில் செருகுங்கள். அதில் சத்தம் வந்தால் கம்ப்யூட்டர் நிரபராதி. சில நூறு ரூபாய்க்கு வேறு ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ளலாம். அதிலும் வரவில்லை என்றால்தான் உள்ளே போக வேண்டும்.

உள்ளே 'வால்யூம் மிக்ஸர்' என்று ஓர் இடம் உண்டு. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனித்தனி அளவு அங்கே இருக்கும். யூடியூப் பாடும், வீடியோ கால் மட்டும் ஊமை என்றால் அங்கே பாருங்கள். வீடியோ கால் வரும்போது மற்ற சத்தங்களை 80 சதவீதம் குறைக்கும் ஏற்பாடும் விண்டோஸில் உண்டு. பேசி முடித்தும் அழைப்பை மூடாமல் விட்டால், அப்புறம் போடும் பாட்டு முணுமுணுக்கலாம். அப்டேட் வந்த மறுநாள் சத்தம் போயிருந்தால் 'டிவைஸ் மேனேஜர்' போய், சவுண்ட் டிரைவரை அன்இன்ஸ்டால் செய்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் விண்டோஸ் பெரும்பாலும் தானே மறுபடி போட்டுக்கொள்ளும். இதற்குப் பக்கத்தில் யாராவது இளவட்டம் இருந்தால் நல்லது.

இன்னொன்று நம் வயதுக்கென்றே உள்ளது. ஒரு காது நன்றாகவும் மற்றது மந்தமாகவும் இருப்பவர்கள் நம்மில் நிறையப் பேர். ஸ்டீரியோவில் இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று பிரிந்து வருவதால், ஹெட்போன் மாட்டினால் பாதி தொலைந்துபோகும். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், ஆக்ஸசிபிலிட்டி, ஆடியோ என்று போனால் 'மோனோ ஆடியோ' என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. விண்டோஸ் 10-இல் அது 'ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ்' கீழே. அதைப் போட்டால் இரண்டும் கலந்து இரண்டு காதுக்கும் வரும். சிவாஜி பேச்சும் முழுதாக வரும், பேரன் பேச்சும் முழுதாக வரும். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. பிள்ளைகள் லீவில் வந்தால் புதிதாக எதையாவது வாங்கி மாட்டிவிட்டுப் போகிறார்கள். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் அதைவிட உபயோகம்.

இவ்வளவு பார்த்தும் சத்தம் இல்லையா? சவுண்ட் சிப்பே போயிருக்கலாம். அப்போதும் போர்டு மாற்ற வேண்டியதில்லை. யுஎஸ்பி சவுண்ட் கார்டு என்று கட்டைவிரல் அளவில் ஒன்று விற்கிறது, அதுவும் சில நூறு ரூபாய்தான். அதை மாட்டி ஸ்பீக்கரை அதில் செருகினால் வேலை நடக்கும். ரிப்பேருக்கு வருகிறவரிடம் இதையெல்லாம் வரிசையாகச் சொல்லுங்கள். வந்ததும் வராததுமாக "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்" என்று ஆரம்பித்தால், போட்டோக்களை முதலில் வேறு டிஸ்கில் எடுத்துக் கொடுங்கள் என்று கேளுங்கள். முகம் சுளித்தால் ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.