புத்தகசாலைப் படமும் மென்பொருளும்

ஒரு பெரிய புத்தகசாலைக்கு முதல் முதலாக வருகின்ற ஒரு கிராமவாசியின் நிலையைச் சற்று யோசித்துப் பார்க்கும்படி தோழர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம். சென்னைக் கோட்டூர்புரத்தில் 2010-ம் வருஷத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் 9 தளங்கள் கொண்டது. அதில் குழந்தைகள் பகுதி முதல் மாடியில் இருக்கிறது; தமிழ்ப் புத்தகங்கள் இரண்டாவது மாடியில் இருக்கின்றன. தெரிந்தவர்களுக்கு இது அற்ப சங்கதி. அப்படிப்பட்ட கட்டடத்திற்குள் தெரியாமல் நுழைகிறவரோ, யாரைக் கேட்பது, கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று கூசி நின்று, கையில் அகப்பட்ட பத்திரிகையைப் புரட்டிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். மறுபடியும் அவர் வருவார் என்பது என்ன நிச்சயம்? வாசலிலேயே சரியான தளப்படம் ஒன்று இருக்குமானால், யார் தயவுமில்லாமல் அவர் நேரே தன் புத்தகத்தினிடம் போய்ச் சேருவார். ஆகவே அந்தப் படம் சுவருக்கு அலங்காரமல்ல.

இனி, அதை எந்த மென்பொருளைக் கொண்டு வரைவது என்பதில்தான் தகராறு. விலை அதிகமானால் யோக்கியதையும் அதிகம் என்றும், இன்ஜினீயர்கள் உபயோகிப்பதே உயர்ந்தது என்றும் ஆராயாமலே நம்பிவிடுகிறார்கள். நாம் பார்த்த ஒரு புத்தகசாலையில் கண்ணாடிச் சட்டமிட்ட அழகான படம் ஒன்று தொங்கியது. சரித்திரப் புத்தகங்கள் வடக்குச் சுவர் ஓரம் என்றது படம். அங்கே இருந்ததோ சைக்கிள் நிறுத்துமிடத்திற்குப் போகும் கதவு! விசாரித்ததில், அலமாரிகளை மாற்றி 2 வருஷமாகிவிட்டதென்றும், படத்தை வரைந்து கொடுத்தவரிடம்தான் அதைத் திறக்கும் மென்பொருள் இருக்கிறதென்றும், ஒரு கோட்டை நகர்த்துவதற்கும் அவருக்குக் கூலி கொடுக்க வேண்டுமென்றும் சொன்னார்கள். புத்தகத்திற்கும் வாசகருக்கும் நடுவில் ஒரு தரகர் முளைத்துவிட்டார் என்பதைத் தவிர இதற்கு வேறு என்ன அர்த்தம்?

கட்டடம் கட்டுவதற்கு ஆட்டோகேட் நல்ல கருவி என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் 2016 முதல் அதை ஒரே தடவையாக விலைக்கு வாங்க முடியாது. சந்தா கட்டிக் கொண்டே இருக்க வேண்டும். அலமாரிக்கு ஒரு பெட்டியும், கழிப்பறைக்கு ஒரு குறியும் போட இத்தனை செலவு எதற்கு? இங்க்ஸ்கேப் என்னும் மென்பொருள் 2003-ல் தோன்றியது, காசு வேண்டியதில்லை. அது வரைவதை எஸ்.வி.ஜி. என்ற பொது வடிவத்தில் வைக்கிறது. அந்த வடிவம் யாருக்கும் தனிச்சொத்தல்ல. வேறு பல மென்பொருள்களும் அதைத் திறக்கும். சுவர்களை ஒரு அடுக்கிலும், அலமாரிகளை வேறொரு அடுக்கிலும், பெயர்களை மூன்றாவது அடுக்கிலும் வைத்துக் கொண்டால், அலமாரி நகர்ந்தால் சிப்பந்தியே அரைமணி நேரத்தில் திருத்தி அச்சடித்து ஒட்டிவிடலாம். அதுவும் கடினமென்றால் லிபர் ஆபீஸ் டிரா போதும்.

பொது வடிவம் என்பதைச் சிலர் வீண் பிடிவாதம் என்கிறார்கள். பிளாஷ் என்பதை நம்பி எத்தனையோ படங்கள் செய்யப்பட்டன. 2020 டிசம்பர் 31-ந் தேதியோடு அடோபி கம்பெனி அதைக் கைவிட்டது. அந்தப் படங்களெல்லாம் சாதாரணமாகத் திறக்க முடியாதவையாகிவிட்டன. ஒரு கம்பெனியின் முடிவுக்கு பொதுஜனங்களின் புத்தகசாலை ஏன் கட்டுப்பட்டிருக்க வேண்டும்?

தமிழ் விஷயமும் இருக்கிறது. மென்பொருளில் “பொது நூலகம்” என்று அடித்துப் பாருங்கள். கொம்பும் காலும் பிரிந்து கோணலாக நின்றால் அதை உடனே தள்ளிவிட வேண்டியதுதான். அன்றியும், 894.811 என்று எண்ணை மட்டும் எழுதிவிட்டால் அது தமிழ் இலக்கியம் என்று யாருக்குத் தெரியும்? எண்ணோடு பெயரும் வேண்டும். நிறத்தை மாத்திரம் நம்பவும் கூடாது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மில் எத்தனையோ பேர். கண் பார்வையில்லாதவர்களுக்கு, கம்ப்யூட்டர் வாசித்துச் சொல்லும்படி அதே விவரத்தை எழுத்தாகவும் வைக்க வேண்டும்.

வாசகருடைய நேரம் வீணாகக் கூடாது என்பதை நூலக விதிகளில் ஒன்றாகச் சீர்காழி ரங்கநாதன் 1931-லேயே எழுதி வைத்தார். நூலக உத்தியோகஸ்தர்கள் மென்பொருளுக்குப் பணம் ஒதுக்குமுன் ஒரு காரியம் செய்யட்டும். பென்சிலால் ஒரு படம் போட்டு, அந்தக் கட்டடத்திற்கு அதுவரை வந்தறியாத ஒருவர் கையில் கொடுத்து, ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி எடுத்து வரச் சொல்லட்டும். அவர் எந்த இடத்தில் தயங்கி நிற்கிறாரோ அந்த இடத்தில் படத்தைத் திருத்தட்டும். கம்ப்யூட்டர் அதற்குப் பிறகு.