ஒதுங்குவோரும் ஒதுக்கப்பட்டோரும்

டிசம்பர் பிறந்துவிட்டால் ஒடிசாவின் கடற்கரைக் கூடாரங்களின் படங்கள் சமூக ஊடகங்களில் வரிசையாக வரத் தொடங்கும். வெண்ணிறத் துணிக்கூடாரம், அதன் முன் மரத்தாலான சிறு திண்ணை, பின்னணியில் சவுக்குத்தோப்பு, அதற்கப்பால் வங்கக்கடல். படத்தின் கீழே பெரும்பாலும் ஒரே வாசகம்: மனிதன் தீண்டாத கடற்கரை. இந்தியாவின் கிழக்குக் கரையில் மனிதன் தீண்டாத கடற்கரை என்று ஒன்று இருக்கிறதா என்ற கேள்வியைப் படத்தைப் பகிர்வோர் எழுப்புவதில்லை. அங்கே யார் இருந்தார்கள், இப்போது எங்கே போனார்கள் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

ஒடிசா அரசின் சுற்றுலாத் துறை 2019 டிசம்பரில் கோணார்க் அருகே ராமசண்டி கடற்கரையில் ‘எகோ ரிட்ரீட்’ என்ற பெயரில் கூடார விழாவைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பிதர்கனிகா உள்ளிட்ட வேறு சில இடங்களும் அந்தப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இதனை ‘முகாம்’ என்று சொல்வது மொழிக்குச் செய்யும் அநீதி. தோளில் சுமந்து சென்ற கூடாரத்தை மாலையில் அடித்து, காலையில் பிரித்து மடித்துக்கொண்டு கிளம்புவதுதான் முகாம். குளிரூட்டி, இணைந்த கழிவறை, உணவுக்கூடம், நீர் விளையாட்டு, இரவுக் கலைநிகழ்ச்சி எல்லாம் கொண்ட ஓரிடம் துணியால் கட்டப்பட்ட விடுதி. அதற்கென ஆங்கிலத்தில் ‘கிளாம்பிங்’ என்றொரு ஒட்டுச்சொல்லை உருவாக்கியிருக்கிறார்கள். அந்தச் சொல்லாவது ஓரளவு நேர்மையானது. ‘எகோ ரிட்ரீட்’ என்ற சொல்லில் அந்த நேர்மையும் இல்லை.

ரிட்ரீட் என்றால் பின்வாங்குதல். போர்க்களத்தில் படை பின்வாங்குவதற்கும், நகர இரைச்சலிலிருந்து தனிமை தேடி ஒருவர் விலகுவதற்கும் ஆங்கிலம் இந்த ஒரே சொல்லைத்தான் வைத்திருக்கிறது. மூன்றாவது பொருளும் உண்டு. கடல் கரையை அரிக்கும்போது, மக்களையும் குடியிருப்புகளையும் திட்டமிட்டு உள்நிலத்திற்கு நகர்த்துவதைப் பருவநிலைக் கொள்கை ஆவணங்கள் ‘மேனேஜ்டு ரிட்ரீட்’ என்கின்றன. இந்தியாவில் அரசே முன்னின்று நடத்திய அத்தகைய இடப்பெயர்வுக்கு முதல் எடுத்துக்காட்டாகக் காட்டப்படும் ஊர் சாதபாயா. அதுவும் ஒடிசாவில்தான், பிதர்கனிகா இருக்கும் அதே கேந்திரபாடா மாவட்டத்தில்தான் இருக்கிறது. ஒரே மாவட்டம், ஒரே சொல், இரண்டு கொள்கைகள்.

சாதபாயா என்பது ஏழு சகோதரர்களைக் குறிக்கும் பெயர். ஏழு ஊர்கள் சேர்ந்த பகுதி அது. அவற்றில் ஐந்தைக் கடல் விழுங்கிவிட்டது. எஞ்சியவையும் ஆண்டுக்காண்டு சுருங்கின. இறுதியில் 571 குடும்பங்களுக்குச் சுமார் 12 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாகபாட்டியாவில் மனை ஒதுக்கப்பட்டது. குடும்பத்திற்கு 10 டெசிமல், ஏறத்தாழ 4,350 சதுர அடி. வீடு கட்ட அது போதும். நெல் விளைவிக்கவும், மாடு மேய்க்கவும், படகு இழுத்து வைக்கவும் அதில் இடமில்லை. ஊரின் பஞ்சுபராஹி கோயிலில் மீனவப் பெண்களே பூசாரிகள். தெய்வ உருவங்களை ஆண்கள் தொடக் கூடாது என்பது அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்த வழக்கம். 2018 ஏப்ரலில் அந்தக் கற்சிலைகளைப் பெயர்த்துப் புதிய ஊருக்குக் கொண்டு சென்றபோது, அவற்றின் எடை காரணமாக ஆண்களின் கை தேவைப்பட்டது. கடல் எடுத்துக்கொண்டவற்றின் பட்டியலில் இது எந்த அரசுக் கணக்கிலும் வராது. ஊரின் இளைஞர்களில் பலர் கேரளத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலை தேடிப் போனார்கள்.

தமிழில் ஒதுங்கு, ஒதுக்கு என்று ஓர் இணை உண்டு. அடங்கு-அடக்கு, திருந்து-திருத்து போல மெல்லினம் வல்லினமாக மாறினால் தன்வினை பிறவினையாகும். மழைக்கு ஒருவர் ஒதுங்குவது அவருடைய விருப்பம். ஒதுக்குவதற்கு வேறொருவர் வேண்டும். கோணார்க் கூடாரத்தில் விடுமுறையைக் கழிப்பவர் ஒதுங்குகிறார். வேண்டியபோது நகரத்திற்குத் திரும்பிவிடுவார். சாதபாயாக்காரர் ஒதுக்கப்பட்டவர், அவர் திரும்பிச் செல்ல ஊர் இல்லை. ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒரே சொல்லுக்குள் மறைத்துவிடுகிறது. அந்தச் சொல்லையே ஒடிய எழுத்திலும் தமிழ் எழுத்திலும் அப்படியே எழுதிக்கொண்டால், மறைப்பும் சேர்ந்தே வருகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். சாதபாயாவைக் கூடாரங்களா அரித்தன? இல்லை. கரையரிப்பின் காரணங்கள் வேறு. ஆறுகளில் கட்டப்பட்ட அணைகள் வண்டலைத் தடுக்கின்றன, துறைமுகங்கள் கரையோர மணலோட்டத்தைக் குறுக்கே மறிக்கின்றன, புயல்கள் அடிக்கடி வருகின்றன, கடல்மட்டமும் உயர்கிறது. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான தரவுகளைக் கொண்டு செய்த மதிப்பீட்டின்படி, இந்தியப் பெருநிலக் கடற்கரையில் மூன்றில் ஒரு பங்கு அரிப்புக்கு உள்ளாகியிருக்கிறது. கூடாரங்களின் மீது இந்தப் பழியைச் சுமத்த வேண்டியதில்லை. குற்றச்சாட்டு வேறு: ஒரு கரையில் யார் எவ்வளவு நாள், எந்த நிபந்தனையில் இருக்கலாம் என்பதை முடிவு செய்யும் அரசு, இரண்டு வகை மக்களுக்கு இரண்டு அளவுகோல்களை வைத்திருக்கிறது.

அந்த இரண்டாவது அளவுகோலின் பெயர் ‘தற்காலிகம்’. 2019 ஜனவரி 18 அன்று வெளியான கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைப் படித்தால் இது புரியும். 2011 அறிவிக்கையில் ஊரகக் கடற்கரைகளுக்கு உயர் ஓத எல்லையிலிருந்து 200 மீட்டர் வரை வளர்ச்சித் தடை மண்டலம் இருந்தது. 2019 அறிவிக்கை அதனை இரண்டாகப் பிரித்தது. சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் பகுதிகளில் அது 50 மீட்டராகச் சுருங்கியது. மற்றப் பகுதிகளில் 200 மீட்டரே நீடித்தது. அதே அறிவிக்கை, அந்தத் தடை மண்டலத்திற்குள்ளும் கடற்கரையிலும் ‘தற்காலிகச் சுற்றுலா வசதிகளை’ உயர் ஓத எல்லையிலிருந்து 10 மீட்டர் தள்ளி அமைத்துக்கொள்ளலாம் என்கிறது. சதுப்புநிலக் காடு போன்ற, சூழலியல் நோக்கில் மிக நுண்ணிய பகுதிகளிலும், அங்கீகரிக்கப்பட்ட மேலாண்மைத் திட்டத்தில் இடம்பெற்றால், நடைபாதை, மரக்குடில் போன்றவற்றுக்கு வழி இருக்கிறது.

ஆக, ஆண்டு முழுதும் வாழ்பவருக்கு 200 மீட்டர். சுற்றுலாவுக்கு 10 மீட்டர். இடைவெளியை நிரப்புவது ஒரே ஒரு பெயரடை. ‘தற்காலிக’ என்ற அந்த அடை கட்டுமானத்தைத் தழுவுகிறது, பயன்பாட்டைத் தழுவவில்லை. மூன்று மாதம் நின்று, பிரிக்கப்பட்டு, அடுத்த டிசம்பரில் அதே இடத்தில் எழும் விடுதி, பத்து ஆண்டுகள் ஆனாலும் தற்காலிகமாகவே இருக்கும். அதற்குத் தேவையான சாலை, மின்கம்பி, வாகன நிறுத்தம், கழிவுநீர்க் குழி எவையும் பருவத்தோடு மடித்து வைக்கப்படுபவை அல்ல. மறுபுறம், பட்டா இல்லாத மீனவரின் ஓலைக்குடிசை மூன்று தலைமுறை நின்றிருந்தாலும் ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்லுக்கு எளிதில் ஆளாகும். உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து வருவாய் ஈட்டலாம் என்ற பிரிவும் அறிவிக்கையில் உண்டு என்று பதில் வரலாம். உண்மைதான், உண்டு. இருக்கிற வீட்டின் தரைப்பரப்பையும் வடிவத்தையும் மாற்றாமல் நடத்த வேண்டும் என்பது நிபந்தனை. முதலில் வீடு இருக்க வேண்டும்.

ஒடியாவில் கடற்கரைக்குப் ‘பேளாபூமி’ என்று பெயர். அந்தப் ‘பேளா’வும், தமிழில் நேரத்தைச் சொல்லும் ‘வேளை’யும், பழைய இலக்கியத்தில் கடலையும் கடற்கரையையும் குறிக்கும் ‘வேலை’யும் ஒரே வடசொல்லின் கிளைகள். எல்லை, காலம், ஓதம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சுட்டிய சொல் அது. கரை என்பது காலத்தோடு நகரும் எல்லை என்பது அந்தப் பழஞ்சொல்லுக்குத் தெரிந்திருந்தது. வரைபடத்தில் ஒரு கோட்டை இழுத்துவிட்டு, அதிலிருந்து 10 மீட்டர் அளந்து அனுமதி கொடுக்கும் அலுவலகத்திற்கு அது தெரியவில்லை. (தெரிந்தும் தெரியாததுபோல் இருப்பதற்குத் தனிச்சொல் தேட வேண்டும்.)

காலம் என்று வந்துவிட்டதால் நாட்காட்டியையும் பார்க்கலாம். ஒடிசாவில் ஒவ்வோராண்டும் நவம்பர் 1 முதல் மே 31 வரை தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆற்று முகத்துவாரங்களைச் சுற்றி 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை. ஏழு மாதம். காரணம், தமிழ்நாட்டு மீனவர்கள் பங்குனி ஆமை என்று அழைக்கும் ஆலிவ் ரிட்லி ஆமைகள். இலட்சக்கணக்கில் அவை முட்டையிட வரும் கஹிர்மாதா, பிதர்கனிகாவை ஒட்டிய கரையில்தான் இருக்கிறது. 1997-இல் அது 1,435 சதுர கிலோமீட்டர் கடல்சார் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இழுவலைகளில் சிக்கி ஆமைகள் மூச்சுத்திணறிச் சாவதும், அவற்றின் உடல்கள் கரை ஒதுங்குவதும் மறுக்க முடியாத உண்மைகள். ஆகவே தடை தவறன்று. ஆனால் அந்தத் தடையைச் சுமப்பவர்களில் இழுவலைப் படகு வைத்திருப்போர் மட்டும் இல்லை, சிறு படகும் கைவலையும் கொண்டவர்களும் இருக்கிறார்கள். சரணாலய எல்லையைத் தாண்டியதற்காகக் கைதாவதும் படகு பறிமுதலாவதும் அவர்களுக்கு ஆண்டுதோறும் நடப்பவை.

கூடாரங்களின் பருவம் எப்போது? டிசம்பரில் தொடங்கி, கோடை வெயில் ஏறுவதற்கு முன் முடிகிறது. அதாவது தடைக்காலத்தின் நடுப்பகுதி. பெண் ஆமை இரவில் கரையேறி, மணலைத் தோண்டி நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டுவிட்டுத் திரும்புகிறது. ஏறத்தாழ ஐம்பது நாள் கழித்து, பெரும்பாலும் இரவிலேயே, குஞ்சுகள் மணலிலிருந்து வெளிவருகின்றன. கடற்பக்கத்தின் மெல்லிய ஒளியே அவற்றுக்குத் திசைகாட்டி. நிலத்தில் அதைவிடப் பிரகாசமான விளக்கு எரிந்தால் அவை அந்தப் பக்கம் திரும்பி, நாய்க்கும் காகத்துக்கும் காலை வெயிலுக்கும் இரையாகும். பெருந்திரள் முட்டையிடல் கஹிர்மாதா, ருஷிகுல்யா போன்ற சில கரைகளில்தான் நிகழ்கிறது. ஆனால் தனித்தனியாகக் கரையேறும் ஆமைகளுக்கு இந்தக் கிழக்குக் கரையில் எந்த மணலும் விலக்கில்லை. ஆமையின் பெயரால் வலைக்கு ஏழு மாதம் விடுமுறை கொடுக்கும் அரசு, கடலோரத்து இரவு விளக்கையும் ஒலிபெருக்கியையும் அதே ஏழு மாதத்தில் தன் செலவில் விளம்பரப்படுத்துகிறது. மீனவருக்குச் சொல்லப்படும் காரணம் உண்மையானால் அது கூடாரத்திற்கும் பொருந்தும். கூடாரத்திற்குப் பொருந்தாதெனில் மீனவருக்கு விளக்கம் சொல்ல வேண்டும்.

கோணார்க்கின் தேர்வு இன்னொரு வகையில் வியப்பளிப்பது. புரிக்கும் கோணார்க்குக்கும் இடையே ஓடும் கடலோரச் சாலை, 1984-இல் அறிவிக்கப்பட்ட பாலுகண்ட்–கோணார்க் சரணாலயத்தின் ஊடாகச் செல்கிறது. 2019 மே 3 அன்று ஃபானி புயல் புரி அருகே கரையைக் கடந்தபோது அந்தச் சரணாலயத்தின் சவுக்கு மரங்கள் பெருமளவில் வேரோடு சாய்ந்தன. அடுத்த ஏழே மாதத்தில் அதே கரையில் கூடார விழா. காயம் ஆற ஒரு பருவம்கூடக் காத்திருக்க முடியாத அவசரம் எதற்கு என்று அன்று யாரும் உரக்கக் கேட்கவில்லை.

வேலைவாய்ப்பு என்ற வாதம் மிச்சமிருக்கிறது. அது வலுவான வாதம். இளைஞர்கள் கேரளத்துக்கு வேலைக்குப் போகும் மாவட்டத்தில் அதனை எள்ளி நகையாட எவருக்கும் உரிமையில்லை. ஆனால் அந்த வாதத்திற்கு உரிய விடையும் அதே மாவட்டத்திலேயே இருக்கிறது. பிதர்கனிகாவில் தாங்கமால், குப்தி, ஹபாலிகாட்டி ஆகிய இடங்களில் வனத்துறையின் இயற்கை முகாம்கள் உள்ளன. சுற்றுவட்டாரக் கிராமத்தினரைக் கொண்டே சமையலும் படகும் வழிகாட்டலும் நடத்துவதுதான் அவற்றின் அடிப்படை. குறையற்றவை என்று சொல்ல வேண்டாம். அளவில் சிறியவை, அங்கே வருபவர் முதலையையும் பறவையையும் பார்க்க வருகிறார். முகாமிட்டுத் தங்குவதே குற்றம் என்று சொல்பவர்களுக்கும், எல்லாக் கூடாரமும் ஒன்றே என்று சொல்பவர்களுக்கும் இந்தச் சிறு முகாம்கள் ஒருசேர மறுப்பாக நிற்கின்றன. வருவாயைப் பற்றி உண்மையான அக்கறை இருந்தால் அரசு இவற்றைப் பெருக்கியிருக்கும், பாகபாட்டியாவின் குடும்பங்களுக்கு அவற்றில் பங்குரிமை கொடுத்திருக்கும். கூலி வேலை கொடுப்பதை உரிமை கொடுப்பதாகக் கணக்குக் காட்டுவது பழைய வித்தை.

கேட்க வேண்டியவை கடினமானவை அல்ல. மீன்பிடித் தடைக்காலம் எந்தக் கரைக்குப் பொருந்துகிறதோ, அந்தக் கரையில் இரவு விளக்குக்கும் ஒலிபெருக்கிக்கும் அதே தேதிகள் பொருந்தட்டும். ஒரே இடத்தில் இரண்டாவது முறை எழும் கூடாரத் தொகுதியைத் தற்காலிகம் என்று எழுதுவது நிற்கட்டும். நிரந்தரப் பயன்பாட்டுக்கு என்ன ஆய்வு தேவையோ அது செய்யப்படட்டும். அனுமதி ஆவணங்களும் அளவீட்டு வரைபடங்களும் கரையில் வாழ்பவர் படிக்கும் ஒடியாவில், முன்பதிவு விளம்பரம் வெளியாகும் நாளுக்கு முன்பே பஞ்சாயத்து அலுவலகங்களில் ஒட்டப்படட்டும். பெயரையும் மாற்றலாம். மாற்றும் வரை, ‘எகோ ரிட்ரீட்’ என்ற விளம்பரப் பலகையைப் பாகபாட்டியாவுக்குச் செல்லும் சாலையிலும் ஒன்று நட்டுவைப்பது பொருத்தமாக இருக்கும்.