அவுட்புட் சரியாக வந்துவிட்டதாம்!

"அவுட்புட் சரியாகத்தானே வருகிறது, அப்புறம் என்ன?" சி நிரல் எழுதுகிறவர்களிடம் இந்தக் கேள்வி வேதவாக்காகப் புழங்குகிறது. திரெட்டிலிருந்து மதிப்பைத் திருப்பி அனுப்பும் இடத்தில் இதைப்போல ஆளைக் கவிழ்க்கும் நம்பிக்கை வேறில்லை.

1 முதல் 100 வரை கூட்டும் ஒரு திரெட். 'மொத்தம்' என்ற லோக்கல் வேரியபிளில் கூட்டி, அதன் முகவரியை பிதிரெட்_எக்ஸிட்டிடம் கொடுக்கிறார்கள். மெயினில் பிதிரெட்_ஜாயின் அந்த முகவரியை வாங்குகிறது, திரையில் 5050. கம்பைலரும் வாய் திறக்கவில்லை. (முகவரியை ரிட்டர்ன் வரியிலேயே எழுதியிருந்தால் ஜிசிசி எச்சரித்திருக்கும்.)

அந்த 5050 செத்த திரெட்டின் ஸ்டேக்கிலிருந்து வந்தது. லினக்ஸில் ஜிலிப்சி நூலகம், முடிந்துபோன திரெட்டின் ஸ்டேக்கை அடுத்த திரெட்டுக்கு ஆகுமென்று எடுத்துவைத்துக்கொள்கிறது. அதன்மேல் யாரும் எழுதாதவரை பழைய எண் அங்கேயே கிடக்கலாம். காலிசெய்த வீட்டில் தொங்கும் காலண்டரைப் பார்த்துத் தேதி சொல்கிற கதைதான். ஜாயினுக்கும் அச்சிடும் வரிக்கும் நடுவே இன்னொரு திரெட்டை ஓடவிட்டால் முதல் திரெட்டின் விடையாக இரண்டாவதன் கணக்கு வந்து நிற்கக்கூடும். வெளியேறும் திரெட்டின் லோக்கல் வேரியபிளை இப்படி அனுப்பாதீர்கள் என்று போசிக்ஸ் தரநிலை எழுதியே வைத்திருக்கிறது. படிப்பவர்தான் இல்லை.

சொன்னால் சிலர் உடனே அந்த வேரியபிளுக்கு ஸ்டாட்டிக் போடுகிறார்கள். நான்கு திரெட்டுகளை ஓடவிட்டால் நான்கும் ஒரே இடத்தில் அடித்துக்கொள்கின்றன. வேறு சிலர் எண்ணையே வாய்ட் பாயிண்டராக காஸ்ட் செய்து அனுப்புகிறார்கள். அனுப்புவதுகூடப் போகட்டும், வாங்கும் பக்கம்தான் வயிற்றைக் கலக்குகிறது. இன்ட் வேரியபிளின் முகவரியை காஸ்ட் செய்து ஜாயினிடம் நீட்டுகிறார்கள். 64 பிட் லினக்ஸில் இன்ட்டுக்கு 4 பைட், பாயிண்டருக்கு 8. நாலு பைட் இடத்தில் எட்டு பைட் எழுதினால் பக்கத்து வேரியபிள் என்ன ஆகும்? பிழையைக் குறிக்க -1 அனுப்புவோருக்கு இன்னொரு செய்தி: ரத்துசெய்யப்பட்ட திரெட்டுக்கும் லினக்ஸில் ஜாயின் தருவது அதே -1தான்.

அப்படியானால் விடையை எங்கே வைப்பது? மாலக்கில் இடம் வாங்கி அதன் முகவரியை அனுப்புவது முறையானதுதான்; ஃப்ரீ செய்வது யார் பொறுப்பு என்பதை மட்டும் முடிவுசெய்துகொள்ள வேண்டும். என் ஓட்டு ஸ்ட்ரக்டுக்கு. திரெட்டுக்கு ஒன்றாக மெயினிலேயே ஸ்ட்ரக்ட் வரிசை ஒன்றை அறிவித்து, உள்ளீட்டோடு விடைக்கும் அதிலேயே இடம் ஒதுக்கி, முகவரியை ஆர்க்யுமென்டாகக் கொடுத்தால் போதும். ஜாயின் முடியும்வரை மெயின் அந்த வரிசையை விட்டு நகராது. ரிட்டர்னில் நல் போதும். 2011 சி தரநிலை தன் சொந்தத் திரெட்டுகளுக்கு ரிட்டர்னில் வெறும் இன்ட் மட்டுமே தருகிறது. பெரிய விடைக்கு அங்கேயும் இதே ஸ்ட்ரக்ட் கைகொடுக்கும்.