கூந்தலும் கத்தரிக்கோலும்

மன்ற மலரில் மொழியைப் பற்றி எழுதலாம். நாட்டைப் பற்றி எழுதலாம். நல்ல நூல்களைப் பற்றி எழுதலாம். மயிரைப் பற்றி எழுத ஒருத்தி புறப்பட்டால் முகஞ்சுளிப்போர் இருப்பர். அச்சொல்லே வசையாகிவிட்ட காலம் இது. எல்லைக்கு அப்பால் மலையாளத்திலும் அதற்கு அதே கதிதான். வள்ளுவர் கூசாமல் ஆண்ட சொல்லை நாம் கூசிக் கைவிட்டோம். பழம்புலவரோ கூந்தல், குழல், ஓதி, கதுப்பு, அளகம், ஐம்பால் என்று பெயர்மேல் பெயர் சூட்டி மகிழ்ந்தனர். பெண்ணின் கூந்தலுக்கு மணம் இயற்கையா, செயற்கையா என்ற வழக்கில் இறைவனோடே நக்கீரர் மோதினார் என்று திருவிளையாடற் கதை சொல்கிறது. மணத்துக்காக வழக்காடிய மரபில் வந்த நமக்கு, நுனிக்காக வழக்காடவும் உரிமை உண்டன்றோ?

நான் சொல்ல வந்தது நுனி வெடிப்பைப் பற்றி. மயிரிழையின் கடைசி முனை இரண்டாகவோ மூன்றாகவோ பிளந்து, தேய்ந்த விளக்குமாற்றுக் குச்சிபோல் விரிந்து நிற்பதைத்தான் சொல்கிறேன். எங்கள் விடுதியில் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் முழுவதும் இதே வேலை. சன்னலோரம் உட்கார்ந்து, சடையின் நுனியைக் கண்ணருகே பிடித்து, வெடித்த இழையைத் தேடி விரலால் கிழித்து எறிவார்கள். கிழித்த இடத்தில் அடுத்த வாரம் புது வெடிப்பு. "தண்ணி சரியில்லை" என்பாள் ஒருத்தி. "ஷாம்பூ சரியில்லை" என்பாள் இன்னொருத்தி. "சத்துக் குறைவு, கீரை சாப்பிடு" என்பாள் மூன்றாமவள். ஊருக்குப் போனால், "புழு வெட்டியிருக்கும்" என்பர் பெரியவர்கள். புழுவெட்டு என்பது தலையில் வட்டவட்டமாக முடி உதிரும் வேறொரு நோய். அதற்கு மருத்துவரிடம் போகத்தான் வேண்டும். நுனி வெடிப்புக்கோ மருத்துவரும் வேண்டா, மருந்தும் வேண்டா. கத்தரிக்கோல் ஒன்றே போதும். இதுதான் என் கட்சி.

தோலுக்கு வெளியே வந்துவிட்ட மயிர் உயிரற்றது. வேரில் உயிர் உண்டு, இழையில் இல்லை. நகத்திலும் மாட்டுக் கொம்பிலும் உள்ள கெரட்டின் என்னும் புரதமே இதிலும் உள்ளது. உள்ளே நீளவாட்டில் நார்கள். அவற்றின் மேல் ஓட்டு வீட்டுக் கூரைபோல் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கிய மெல்லிய செதில்கள். ஓட்டின் சரிவு வேரிலிருந்து நுனியை நோக்கி. கூரை உள்ளவரை உள்நார் பிரியாது. உராய்ந்து உராய்ந்து ஓடு பெயர்ந்துவிட்டால், முறுக்கவிழ்ந்த கயிறுபோல் நார்கள் தனித்தனியே பிரிகின்றன. உயிருள்ள சதையில் காயம் பட்டால் ஆறும். உயிரில்லாத இழையில் எது ஆற்றும்?

நுனியில் மட்டும் ஏன் வெடிக்கிறது என்றால், அங்கேதான் வயது அதிகம். தலைமயிர் மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்கிறது. சிலருக்குச் சற்றுக் கூடுதல். இடுப்பைத் தொடும் 70 சென்டிமீட்டர்ச் சடையின் நுனி ஐந்தாறு ஆண்டுகட்கு முன் பிறந்தது. அதாவது, இளங்கலை இரண்டாம் ஆண்டு மாணவியின் சடை நுனி, அவள் எட்டாம் வகுப்பில் படித்தபோது தலையைவிட்டு வெளியே வந்தது. வாரம் மூன்று முறை தலைக்குக் குளித்தால் ஐந்தாண்டில் ஏறத்தாழ 800 குளியல். அத்தனை துவட்டலையும் அத்தனை சீப்பையும் கண்ட முதுகிழவி அந்த நுனி. ஆடவ நண்பர்களுக்கு இத்தொல்லை பெரும்பாலும் இல்லை. அவர்களுக்கென்று தனி எண்ணெயும் இல்லை, தனி வரமும் இல்லை. மாதத்திற்கொருமுறை முடிதிருத்தகம் போகிறார்கள், அவ்வளவே. இழை கிழடாவதற்குள் தரையில் விழுந்துவிடுகிறது. (இப்போது குடுமி வளர்க்கும் நண்பர் சிலரைக் காண்கிறேன். அவர்களும் தொடர்ந்து படிக்கலாம்.)

எங்கள் ஊர்ப்பக்கம் பழியெல்லாம் தண்ணீரின் மேல்தான் விழும். நான் கொழிஞ்சாம்பாறைக்காரி. சித்தூர் வட்டத்தின் கிழக்கோரம். வீட்டில் தமிழ், அலுவலகத்தில் மலையாளம். கேரளம் என்றவுடன் மழையும் பசுமையுமே பிறருக்கு நினைவு வரும். எங்கள் பக்கம் மழை குறைவு. மேற்கு மலைத்தொடரில் 30 கிலோமீட்டர் அளவுக்குத் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோடையில் வறண்ட காற்று அனலாய் வீசும். 2016 ஏப்ரலில் மலம்புழையில் வெப்பம் 41 பாகை செல்சியசைத் தாண்டியது. எங்கள் வீட்டு ஆழ்குழாய்க் கிணற்று நீரில் சோப்பு எளிதில் நுரைக்காது. வாளியின் ஓரத்தில் வெள்ளைப் படலம் கட்டும். இந்த நீரில் குளித்தால் முடி வெடிக்காமல் என்ன செய்யும் என்று கேட்பது இயல்பே.

ஆனால் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் எங்களுக்கு அருகே கோவையிலேயே இருந்தனர். பூ.சா.கோ. மருத்துவமனையின் தோல் மருத்துவத் துறையினர் 15 பெண்களின் முடியைப் பெற்று, ஒரு பாதியைக் கடின நீரிலும் மறுபாதியைக் காய்ச்சி வடித்த நீரிலும் ஒருநாள் விட்டு ஒருநாள் 10 நிமிடமாக 30 நாள் நனைத்தனர். பிறகு, எவ்வளவு இழுத்தால் அறுகிறது என்று கருவியால் அளந்தனர். 2013இல் வெளிவந்த முடிவு: குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் 2018இல், பாகிஸ்தானில் 70 ஆடவரின் முடியைக் கொண்டு செய்த ஓர் ஆய்வு, கடின நீர் இழையின் வலிமையைக் குறைக்கிறது என்றது. ஆகவே வழக்கு முடியவில்லை. என்றாலும் தண்ணீரைத் தூக்கிலிட இப்போதைக்கு இடமில்லை. தண்ணீரைப் பற்றி எங்கள் வட்டத்துக்கு வேறு வழக்கு உண்டு. பிளாச்சிமடையில் 2000இல் தொடங்கி 2004இல் நின்றுபோன குளிர்பான ஆலையையும், அதை எதிர்த்து நின்ற மயிலம்மாவையும் யாரும் மறக்கவில்லை. அது குடிநீர் வழக்கு. சடை நுனியை அதனோடு சேர்த்துக் கட்டினால் பெரிய வழக்கு சிறிதாகிவிடும்.

என் ஐயமெல்லாம் காலை ஏழு மணியின் மேல். நனைந்த மயிர் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீரைக் குடித்துப் பருத்திருக்கும். செதில்கள் தூக்கி நிற்கும். இழுத்தால் மிகையாக நீளும். அந்த நேரம் பார்த்து நாம் செய்வதென்ன? முரட்டுத் துண்டால் பரபரவென்று தேய்க்கிறோம். நெருங்கிய பல் சீப்பை உச்சியில் நட்டு ஒரே இழுப்பாய் நுனிவரை இழுக்கிறோம். சிக்கெல்லாம் நுனியில் திரண்டு முடிச்சாகிறது. முடிச்சை வலுவந்தமாக அறுக்கிறோம். பிறகு பேருந்து போய்விடுமே என்று ஈரத்தோடு பின்னி, மடித்து, ரிப்பனால் இறுக்குகிறோம். இந்தப் பாடத்தைப் பள்ளிக்கூடத்திலேயே கற்றுக்கொண்டோம். மாணவியரை இரட்டைச் சடை போடும்படி பள்ளிகள் கட்டாயப்படுத்தலாகாது என்று கேரளக் குழந்தை உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2016ஆம் ஆண்டை ஒட்டிச் சொல்லிவிட்டது. ஆணை வந்தது, பழக்கம் போகவில்லை.

என் அறைத்தோழி மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். பாலக்காடும் இடுக்கியும் ஒரே மாநிலம்தான். ஆயினும் இடையில் ஆனைமலை படுத்திருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வந்தவள் தன் வீட்டுக்குப் போக வேண்டுமானால், பொள்ளாச்சி, உடுமலை என்று தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, சின்னாறு, மறையூர் வழியாக மீண்டும் கேரளத்துக்குள் மலையேற வேண்டும். அங்கே குளிர், மழை, மூடுபனி. லயத்துக்கு வருவது மலையோடை நீர். சோப்பு அதில் பொங்கி நுரைக்கும். இருந்தும் அவள் நுனியும் வெடிக்கிறது, என் நுனியும் வெடிக்கிறது!

சென்ற ஆண்டு அவள் நகரத்து அழகு நிலையம் ஒன்றுக்குப் போனாள். வெடிப்பு நிலையாகத் தீர்ந்துவிடும் என்று உறுதி கூறி, கெரட்டின் ஏற்றுவதாக 4,000 ரூபாய் வாங்கினர். எதையோ பூசி, அதன்மேல் அயர்ன் போட்டு அனுப்பினர். கண் எரிந்தது என்றாள். இரண்டு மாதம் பட்டுப்போல் இருந்தது. மூன்றாம் மாதம் முன்னிலும் மோசமாக வெடித்தது. 2015 செப்டம்பரில், பெம்பிளை ஒருமை என்ற பெயரோடு மூணாற்றுப் பெண்கள் சாலையில் அமர்ந்தார்களே, அவர்களில் இவள் அம்மாவும் ஒருவர். அப்போராட்டத்தின் பின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாயிற்று. அந்தக் கூலியில் கணக்கிட்டால், மகளின் நுனிக்காகத் தாய் 13 நாள் கொழுந்து எடுத்திருக்க வேண்டும். பின்னர் கூலி உயர்ந்திருக்கிறது. நாட்கள் சில குறையலாம். எனக்கு ஆத்திரம் குறையவில்லை.

ஏனெனில் விற்கப்பட்டது மருந்தன்று, பூச்சு. செத்த இழையின்மேல் கெரட்டினைப் பூசுவது விரிசல் விட்ட சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போன்றது. சீரம் என்று சிறு புட்டியில் வருவதும் பெரும்பாலும் சிலிக்கோன்தான்; பிளந்த இரு கிளைகளையும் சேர்த்துப் பிடித்திருக்கும், தலைக்குக் குளித்தால் விட்டுவிடும். பசை என்று சொல்லி விற்றால் எனக்கு வழக்கில்லை. மணவீட்டுக்குப் போகும் நாளில் நானும் ஒரு சொட்டுத் தடவிக்கொள்வேன். தீர்த்துவைப்பதாகச் சொல்லி விற்பதுதான் பொய்.

முடியை நேராக்கும் கலவைகளில் சிலவற்றிலிருந்து, சூடு பட்டவுடன் பார்மால்டிகைடு ஆவியாகிறது. விலங்கியல் மாணவர் அறிவர்: சாடியில் தவளையைக் கெடாமல் வைக்கும் பார்மலின் அதன் கரைசலே. அது வேண்டா என்று கிளைஆக்சாலிக் அமிலத்துக்கு மாறினர். அதன் கதையோ 2024இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. துனிசியாவில் 26 வயதுப் பெண் ஒருத்தி 2020, 2021, 2022 என மூன்று முறை முடியை நேராக்கிக்கொண்டாள். மூன்று முறையும் அவள் சிறுநீரகம் பழுதுற்றது. ஒருத்திக்கு நேர்ந்தது எல்லார்க்கும் நேரும் என்று நான் மிரட்டவில்லை. தானாக ஓர் அங்குலம் உதிரவேண்டிய நுனிக்காகச் சிறுநீரகத்தைப் பணயம் வைப்பது எந்தக் கணக்கில் சேரும் என்றுதான் கேட்கிறேன்.

வராமல் காப்பதற்கு வழி உண்டு. அது வீட்டிலேயே இருக்கிறது. எங்கள் அம்மாயி தலைக்குக் குளிப்பதற்கு முன்னிரவே தேங்காயெண்ணெய் தடவி, மறுநாள் அரப்புப் போட்டு அலசுவார். இது வெறும் பழக்கமன்று. மும்பையில் ரேலே, மொஹிலே என்னும் இருவர் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டு 2003இல் எழுதினர். முடியிலிருந்து புரதம் கழிந்துபோவதைத் தேங்காயெண்ணெய் மட்டுமே நன்கு குறைத்தது. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு; ஆதலால் இழைக்குள் நுழைகிறது; நுழைந்தபின் நீரால் இழை பருப்பது குறைகிறது. அவ்விருவரும் தேங்காயெண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஒப்புநோக்கிக் கொள்ளுங்கள். துணி சோப்பும் கட்டி சோப்பும் காரமுள்ளவை, செதிலைத் தூக்கும். தலைக்கு அவை ஆகா. ஈரத்தைத் துண்டால் ஒற்றி எடுங்கள். முக்கால் பங்கு காய்ந்தபின் அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். இவையெல்லாம் வரும் வெடிப்பைத் தள்ளிப்போடும். வந்த வெடிப்பை எண்ணெயும் ஒட்டாது, அரப்பும் ஒட்டாது.

வெட்டத்தான் வேண்டும். வெட்டாவிட்டால் பிளவு இழை வழியே மேலேறும். கடைசியில் பாதியில் முறியும். அங்கேதான் அம்மாயி குறுக்கே நிற்கிறார். "தலைமுடியில கத்தரிக்கோல் படக்கூடாது கண்ணு!" இதே அம்மாயிதான் எனக்கு மூன்று வயதில் பழனிக்குக் காவடியோடு போய் முழுத் தலையையும் மழித்துவிட்டு, சந்தனம் பூசி, அழகு பார்த்தவர். கொழிஞ்சாம்பாறையானாலும் மூணாறானாலும் மொட்டை போடப் பழனிக்குத்தானே போகிறோம்? அங்கே குவியும் முடியை ஏலம் எடுப்போருக்கும் செதிலின் சரிவு தெரியும். வேரும் நுனியும் மாறாமல் ஒரே வாட்டத்தில் இருக்கும் முடிக்கே உலகச் சந்தையில் விலை அதிகம். முருகனுக்கு முழத்தை மனமுவந்து தருபவர்கள், வெடித்துப்போன அங்குலத்தைக் குப்பைக்குத் தர ஏன் இப்படிக் கலங்குகிறோம்? நீளத்தை எண்ணிப் பெண் பார்க்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதுதான் காரணம் என்பது என் கருத்து. அம்மாயியோடு அதைப் பேசிப் பயனில்லை. பேத்திகள் பேசலாம்.

வெட்டினால் வேகமாக வளரும் என்று எதிர்ப்பக்கத்தில் ஒரு கதை உண்டு. அதுவும் பொய். நுனியில் நடந்தது வேருக்குத் தெரியாது. வளர்பிறையில் வெட்டினாலும் தேய்பிறையில் வெட்டினாலும் மாதம் 1 சென்டிமீட்டர்தான். முறியாமல் நிற்பதால் நீண்டதுபோல் தோன்றும், அவ்வளவே. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை, வெடிப்பு முடியும் இடத்துக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டினால் போதும். வளர்ந்ததில் பெரும்பகுதி கையில் நிற்கும்.

விடுதிச் செயலாளரிடம் நான் கேட்டிருப்பது முடி வெட்டுவதற்கென்றே கூரிய கத்தரிக்கோல் ஒன்று, மன்றத்தின் செலவில். காகிதமும் துணியும் வெட்டி மழுங்கியது உதவாது. மழுங்கிய அலகு இழையை நசுக்கிப் புது வெடிப்புக்கு வழிசெய்யும். வாங்கித் தந்தால், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலை 10 மணிக்கு மகளிர் விடுதி இரண்டாம் மாடிப் படியருகே அதனோடு உட்கார்ந்திருப்பேன். என் தோழி முதலில் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். தலை காய்ந்தபின் வாருங்கள்.